நாற்பத்து மூன்று பேரின் பதில்

முதுகலை ஆய்வேட்டின் முன்னுரையையும் முறையியலையும் பிரிசில்லா தட்டுத்தடுமாறி எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள். முடிவுகள் என்ற இயலில்தான் இடித்தது. தூத்துக்குடி உப்பளங்களில் நாற்பத்து மூன்று பெண்களிடம் கேட்டு, உப்பின் கூச்சத்தில் கண் கெடுகிறது என்று அவள் எழுதியதை, ஏடுகளைச் சரிபார்க்கும் பல்கலைக்கழகக் கணினி ஏற்கவில்லை. உப்பளத் தொழிலாளிகளைப் போலவே பதில் சொல்லும்படி அதுவே உருவாக்கிய லட்சம் கற்பனைப் பெண்கள் அதனிடம் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் கண் எரியவில்லை.

“நேர்ல பாத்தேன் சார். பாதிப் பேருக்குப் பார்வையே மங்கிப்போச்சு,” என்றாள் நெறியாளர் வேதமாணிக்கத்திடம்.

“லட்சம் பேருக்கு முன்னால நாப்பத்து மூணு பேரு எந்த மூலைக்கும்மா? அவங்க பதிலோட ஒத்துவரலன்னா உன் ஏடு உள்ளயே போகாது. மாத்தி எழுது.”

ஏடு மூன்று முறை திரும்பி வந்த பிறகு, கடைசி நாளில் மாற்றினாள். ‘உப்பளப் பெண்களுக்குக் கண் பாதிப்பு இல்லை’ என்று தன் பெயரிலேயே எழுதினாள். ஏடு முதல் வகுப்பில் தேறியது. அதைக் காட்டியே அடுத்த மாதம் உப்பளப் பெண்களுக்குக் கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி கொடுப்பதை அதிகாரிகள் நிறுத்தினார்கள்.

அந்த நாற்பத்து மூன்று பேரில் அவளிடம் முதன்முதலில் மனம்விட்டுப் பேசியவள் இசக்கியம்மாள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் பிரிசில்லா ஏட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

“எனக்கு எழுத்தெல்லாம் மசமசன்னு தெரியுது. நீயே வாசி தாயி,” என்று இசக்கியம்மாள் நெருங்கி உட்கார்ந்தாள்.

பிரிசில்லா நன்றியுரையை வாசித்தாள். தன் பெயர் வந்ததும் இசக்கியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“சரி, எங்க கண்ணப் பத்தி என்ன எழுதியிருக்க?”

“அது இன்னும் அச்சாகலக்கா,” என்றாள் பிரிசில்லா.