சுரப்பியின் மேல் பழி

"ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, கால்சியம் நார்மல். இனிமே அடிக்கடி வர வேண்டாம்லா அங்கிள்," என்று டாக்டர் ஹமீதா சிரித்தார்.

அய்யாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டு வருடம் முன்புவரை அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். மனைவி இறந்து உடலை எடுத்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஆள். அப்படிப்பட்டவர், ஆக்லாந்தில் இருக்கும் மகள் துளசியிடம் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கும்போதே போனில் உடைந்துபோனார். வாராவாரம் அதே கதைதான்.

அவள் பயந்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு சுங்கை பினாங்கு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று டிக்கெட் பார்க்க ஆரம்பித்தாள். அடக் கடவுளே, எவ்வளவு பாடுபட்டு வாங்கிய வேலை!

நல்ல வேளை, சுரப்பி கைகொடுத்தது.

சிறுநீரகக் கல்லுக்காகப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்குமாம். அதில் ஒன்று வீங்கி, கேட்பாரில்லாமல் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கல்லும் தாகமும் அசதியும் அதனால்தான். மனசுகூடச் சோர்ந்துபோகுமாம்.

"அப்ப இவ்வளவு நாளும் கால்சியம்தான் அழுதிருக்குப்பா!"

துளசிக்கு உயிர் வந்தது. டிக்கெட்டை மறந்தாள்.

அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். தாகம் போனது, அசதி போனது. சாயங்காலம் ஆளில்லாத வீட்டுக் கதவைத் திறக்கும்போது வரும் அழுகை மட்டும் போகவில்லை. கால்சியம் இறங்க இறங்க அதுவும் இறங்கிவிடும் என்று மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது நார்மல் என்கிறார்கள்.

போன் அடித்தது. துளசி.

"என்னப்பா சொன்னாங்க?"

குரலைக் கேட்டதுமே கண் நிறைந்துவிட்டது. கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"கால்சியம் இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்காம்மா. மெல்லத்தான் இறங்குமாம்."

"பரவாயில்லப்பா. அழுகை வந்தா அழுதுடுங்க, அடக்காதீங்க."

அய்யாக்கண்ணு ஆசை தீர அழுதார்.