தாங்கலுக்கு ஒரே வழி

கைபேசித் திரைக்குள் தாமரைக்கோழி அசையாமல் இருந்தது.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். மழை விட்ட விடியல். தாங்கலின்மேல் புகை மாதிரி ஒரு மூட்டம். நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை.

ஆம்பல் இலைமேல் நாலு முட்டைகளை மூடிக்கொண்டு குந்தியிருந்தது அது.

அப்பன் பறவை. அந்தக் குலத்தில் அடைகாப்பது அப்பன்தான்.

கரையில் நேற்று கொட்டிய செம்மண் குவியல். இன்றும் லாரி வரும். தாங்கல் என்றால் சின்ன ஏரிதான்; தூர்க்க எத்தனை நாளாகிவிடப் போகிறது?

காணொளி போட்டால் ஆள் வரும். அவளுக்குத் தெரியாதா என்ன.

போன வருஷம் பெரிய ஏரிக்கு அவள்தான் போட்டாள். இதே மாதிரி ஒரு பறவை, இதே மாதிரி முட்டைகள், கீழே லொகேஷன். பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். கைகோத்துக் கரை முழுக்க நின்றார்கள். பாட்டு, பதாகை, தலைக்குமேல் ட்ரோன்.

மண் கொட்டுவது நின்றது. ஏரி பிழைத்தது.

ட்ரோன் தாழ்ந்தபோது எழுந்த பறவை மட்டும் திரும்பவில்லை.

முட்டைகள் வெயிலில் கிடந்தன. அதையும் யாரோ படமெடுத்துப் போட்டார்கள். அதற்கும் இதயங்கள் குவிந்தன.

கைபேசி அதிர்ந்தது. பறவையைக் காட்டலாமா வேண்டாமா என்று கேட்டிருந்ததற்குத் தோழி ரஹீமாவின் குரல்செய்தி.

“பறவயக் காட்டுடி. வெறும் மண்ணப் பாக்க எவ வருவா?”

பறவை அவளைப் பார்த்தது. அதன் கண்ணுக்கு அவள் ஒரு பெரிய கொக்காகத் தெரிந்தாளோ என்னவோ, பயப்படவில்லை.

எடுத்ததை அழித்தாள்.

தண்ணீர் சலசலக்காமல் ஒவ்வொரு காலாகப் பின்வாங்கிக் கரையேறினாள். செம்மண் குவியலை எடுத்தாள். டயர் தடத்தை எடுத்தாள். தார்ச்சாலையில் மண்பாதை பிரியும் இடத்தை லொகேஷனாக வைத்தாள். ‘வாங்க’ என்று எழுதினாள். போட்டுவிட்டாள்.

ஓர் இதயம் விழுந்தது. ரஹீமாவுடையது.

அப்புறம் ஒன்றுமில்லை.

அவள் மண்பாதையில் நடந்தாள். இருபுறமும் முள்வேலி. தண்ணீருக்குப் போக வேறு வழி கிடையாது.

பாதிப் பாதை வந்திருப்பாள். எதிரே மூட்டத்துக்குள் இரண்டு விளக்குகள் மிதந்து வந்தன. ஒரு லாரியா? பக்கத்துப் பக்கத்தில் வரும் பிள்ளைகளின் இரண்டு பைக்குகளா?

சத்தம் இன்னும் எட்டவில்லை.

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள். பாதையின் நட்ட நடுவே, ஈரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.