ஆறாவது வெற்றி

நாற்பத்து மூன்றாவது முறையாகக் கெகாம் யானையை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளிவைத்தார்.

பலகையில் மிச்சம் நான்கே காய்கள். ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை. சதுரங்கமும் ஒரு பாடமாக இருக்கிற எரவானில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், இது சமன் என்று.

எதிரே ஆடிய நாரெக் விடவில்லை. எதுவும் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்த்தல் கடந்தால்தான் கெகாம் சமன் கேட்க முடியும். அதற்குள் அறுபத்து மூன்று வயதுக் கண் ஒருமுறை அசந்தால் போதும்.

உலகப் பட்டத்துக்கான தேர்வுப் போட்டியில் கடைசி இடம், ரேட்டிங்கில் முந்துபவருக்கு. பட்டியல் நாளை மூடுகிறது. நாரெக் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறான்.

இதை வென்றால் இரண்டு புள்ளி ஏறும். சமன் ஆனால் மூன்று இறங்கும். அதற்கென்றே அவசரமாக ஏற்பாடான ஆறு ஆட்டங்கள். அதற்கென்றே தேடிப்பிடித்த, ரேட்டிங் சரிந்துகொண்டிருந்த எதிராளி. முதல் ஐந்தும் வெற்றி.

"எதிர்ல யாருன்னு நான் பார்க்கல. ஏணிப்படிக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களா?" என்று முதல் நாளே நிருபர்களிடம் சிரித்திருந்தான்.

கெகாம் அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் உலகின் ஏழாமவர்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

"யானைக்கே கால் வலிக்குது, நாரெக் ஜான்." ஆசையாய்க் கூப்பிடுகிற அந்த 'ஜான்', அவர் வாயில் எச்சில் துப்பினாற்போல் விழுந்தது.

"வலிச்சா எழுந்து போங்க, பெரியவரே."

நடுவர் ஷுஷான் இருவரையும் முறைத்தாள்.

நாற்பத்தொன்பது.

இன்னும் ஒன்றே ஒன்று. கெகாம் யானையைத் தொடவில்லை. கடிகாரத்தை நிறுத்தினார்.

இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகை நடுவில், வெள்ளைக் கட்டங்களில் வைத்தார். வெள்ளைக்கு வெற்றி என்று நேரலைக்குச் சொல்லும் முறை அது. நாரெக்தான் வெள்ளை.

"நான் தோத்துட்டேன்" என்று கையை நீட்டினார்.

கிழவர் களைத்துவிட்டார் என்றே நாரெக் நினைத்தான். தாவிப் பற்றிக்கொண்டான். இரண்டு புள்ளி. இடம் உறுதி. முகம் முழுக்கச் சிரிப்பு. கேமரா அதையும் பிடித்துக்கொண்டது.

கெகாம் கையை விடவில்லை. பலகைக்கு மேலே தொங்கிய மைக்கை நோக்கி நிமிர்ந்து, கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பேசினபடி ஆறும் குடுத்துட்டேன், நாரெக் ஜான். இனிமே என்னைத் தேடி வராத."

இந்த ஆறு நாளில் வசவைத் தவிர அவர்களுக்குள் ஒரு பேச்சும் நடந்ததில்லை.

நாரெக் வாய் திறப்பதற்குள், ஷுஷான் இருவரின் ஆட்டத்தாள்களையும் உருவினாள். கையெழுத்துக்கு நீட்டவில்லை. விசாரணைக்கென்று உறையில் போட்டு ஒட்டினாள்.