பொம்மை முகம்

"அப்பனையும் மகளையும் சேர்த்து வெச்சிருக்கீங்க. அதுவும் ரெண்டாவது தடவை. உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கால்நடை டாக்டர் இதைக் கேட்டார். வெளியே பெஞ்சில் பூனையும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தெருவே 'நாய்க்காரம்மா' என்று கூப்பிடும் அவள், மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் வளர்க்கும் பெட்டை நாய் பஞ்சு மயக்கத்தில் கிடந்தது. வயிற்றில் புதுத் தையல். நான்கு குட்டிகளில் இரண்டுதான் உயிரோடு. அதிலும் ஒன்றுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது.

"ஜாதி சுத்தமா வரணும்னா சொந்த ரத்தத்துலதான் சேர்க்கணும் டாக்டர்," என்றாள் மெதுவாக. "இதோட அப்பன் கர்னல் முகம் அப்படியே அச்சா விழணும். அந்த முகத்துக்குத்தான் போட்டியில பரிசு."

"எது, சுவத்துல போய் மோதின மாதிரி இருக்கே, அதுவா? படுத்தா குறட்டை, நாலடி நடந்தா இளைப்பு. உங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கறதுக்காக அது காலம் பூரா மூச்சுக்கு அலையணுமா? நாயா வளர்க்கறீங்க நீங்க? பொம்மை செய்யறீங்க!"

பெஞ்சில் யாரோ 'உச்' கொட்டினார்கள். அவளுக்கு முகம் எரிந்தது.

பிளந்த அண்ணத்துக் குட்டி மூன்றாம் நாள், பால் உள்ளே இறங்காமல், அவள் உள்ளங்கையிலேயே அடங்கிப் போனது. அதைப் புதைத்துவிட்டு வந்து, கை கூடக் கழுவாமல் புருஷனிடம் சொன்னாள்:

"இனிமே வெளி ரத்தம்தான்."

"அப்ப பரிசு?"

"பரிசு நாசமாப் போகட்டும்."

பஞ்சுவுக்கு இனி ஓய்வு என்று முடிவு செய்துவிட்டு, அதே கர்னலுக்குப் பிறந்த அதன் தங்கச்சிக்கு ஜோடி தேடினாள். நான்கு மாதம் அலைந்து, தையல்காரர் ஒருவர் வீட்டில் கண்டுபிடித்தாள். அதே ஜாதி, வேறு வம்சம். கோப்பை எதுவும் வாங்காத நாய். மூக்கு மட்டும் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் நாய் கிளப் தலைவர் போனிலேயே எகிறினார். "பத்துத் தலைமுறையா பார்த்துப் பார்த்து அமுக்கின மூக்கை ஒரே ஈத்துல இழுத்து விடப் பார்க்கறீங்களே! நல்லா இருப்பீங்களா நீங்க?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வருஷம் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. வாடிக்கையாகக் குட்டி வாங்க வருபவர்கள் கூட, அப்பன் நாயின் போட்டோ கேட்டு, பார்த்து, பதில் போடாமல் நழுவினார்கள்.

ஆனால் அவள் டாக்டருக்கு போன் போடுவதற்குள், தங்கச்சி மாடிப்படிக்கு அடியில் தானாகவே ஐந்து குட்டி போட்டிருந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை. ஐந்தும் தூங்கும்போது நாய்க்காரம்மா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். குறட்டையே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரே வீடு தேடி வந்தார். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்.

"சபாஷ்! மூச்சு என்ன சுத்தமா போகுது பாருங்க. இதுக்குத்தான் அன்னிக்கு அவ்வளவு கத்தினேன். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஜீவன்கள் பிழைச்சிடும்மா."

அவளுக்கு மனசு நிறைந்துபோனது. ஊர் முழுக்கப் பேசிய பேச்சுக்கு இந்த ஒரு வார்த்தை போதும்.

டாக்டர் கிளம்பவில்லை. ஸ்டெதஸ்கோப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"வந்து... என் பொண்ணுக்குப் பிறந்த நாள் வருது. நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம்."

"இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? உங்களுக்கு இல்லாததா! எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கங்க டாக்டர்."

அவர் ஐந்தையும் இன்னொரு தரம் பார்த்தார். இந்தத் தடவை மூச்சைக் கவனிக்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, கீழே விட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. மூஞ்சி கொஞ்சம்... நாய் மாதிரி இருக்கு இல்ல?"

அவளுக்குப் புரியவில்லை.

"என் பொண்ணு அந்தச் சப்பை மூக்குதான் வேணும்கறா. அதான் க்யூட்டாம். பிடிச்சா பிடிச்ச பிடி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு தடவை, இந்தத் தங்கச்சியைக் கர்னலோட சேர்த்துப் பாருங்களேன். நீங்க கவலையே படாதீங்க, ஆபரேஷனுக்கு நானே வீட்டுக்கு வந்துடறேன்."