அவசரத்துக்கு உதவாத கணக்கு

ஏழு சதவீதம் வட்டி என்று வங்கிப் பெண் ரெபேக்காள் சொல்லி முடிப்பதற்குள், மாப்பிள்ளை சின்னராசு நாற்காலியை மேசையோடு ஒட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாமியார் காசியம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

அச்சரப்பாக்கத்தில் ரோட்டை ஒட்டி இருந்த ஒரே மனையை விற்ற பணம், நாலு லட்சம், அவள் கணக்கில் கிடந்தது. தை பிறந்ததும் வீட்டுக்கூரை ஷீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட வேண்டும். அதற்குள் பணம் கரைந்துபோனால், அடுத்த கோடையும் அந்த ஷீட்டுக்கு அடியிலேயே வேக வேண்டியதுதான்.

கரைக்க வெளியாள் யாரும் வர வேண்டியதில்லை.

மாப்பிள்ளை மாமல்லபுரத்தில் ஹோட்டல்களுக்குக் கார் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கைமாற்று கேட்பது மட்டும் உண்டு. காருக்கு எஃப்.சி. காட்ட வேண்டும் என்பார். டயர் போய்விட்டது என்பார். அடுத்த மாசமே தந்துவிடுகிறேன் அத்தை என்பார்.

மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டு, மாமியார் இல்லை என்று சொன்னதாக அவர்கள் பக்கத்தில் சரித்திரமே கிடையாது. பணத்தை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லக் காசியம்மாளுக்கு நாக்கும் புரளாது. பதினோரு வருஷமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த ஏழு சதவீத சேவிங்ஸ் கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு என்றாள் ரெபேக்காள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுராத்திரியில் போனைத் தட்டினாலும் பணம் வந்துவிடும்.

அதுதான் வேண்டும், ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றார் மாப்பிள்ளை.

காசியம்மாள் ரெபேக்காள் பக்கம் திரும்பினாள். வேறே எதுவும் இல்லையாம்மா என்று கேட்டாள்.

லிக்விட் ஃபண்ட் என்று ஒன்று இருக்கிறது என்றாள் ரெபேக்காள், சுரத்தில்லாமல். நம் பணத்தோடு இன்னும் பல பேர் பணத்தைச் சேர்த்து, அரசாங்கத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் கொஞ்ச நாள் கடனாகக் கொடுப்பார்கள். ஆறரை கிடைக்கலாம். கூடலாம், குறையலாம். இவ்வளவுதான் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தார்.

"அத்தே, அது பேஜாரு. இன்னிக்குக் கேட்டா நாளைக்குத்தான் துட்டு வரும்."

காசியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவா மாப்ள?"

நெசம்தான் என்றார். மூணு மணிக்கு மேல் கேட்டால் அதற்கும் மறுநாள். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் அதையும் தாண்டித்தான். பொங்கல் லீவு என்றால் பொங்கல் முடிந்துதான். ரெபேக்காள் வாயைத் திறப்பதற்குள் அத்தனை குறையையும் அவரே மளமளவென்று ஒப்பித்தார்.

ஒவ்வொரு குறைக்கும் காசியம்மாள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தது.

தலைபோகிற அவசரம் என்றாலும் கொடுக்க மாட்டார்களா என்று கேட்டாள். மாட்டார்கள். அழுதால்? யாரிடம் போய் அழுவது, எல்லாம் கம்ப்யூட்டர் என்றார் மாப்பிள்ளை.

ரெபேக்காளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஐம்பதாயிரம் வரைக்கும் உடனே எடுக்கிற மாதிரி இன்னொரு ஃபண்டும் இருக்கிறதும்மா என்றாள்.

ஐயோ, அது வேண்டாம் என்றாள் காசியம்மாள்.

மாப்பிள்ளை விடவில்லை. அங்கே கிடந்த துண்டுச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். அரை சதவீதம் குறைவதால் தைக்குள் மூணு மாசத்தில் ஐந்நூறு ரூபாய் நஷ்டம் என்று அடிக்கோடு போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

ஐந்நூறுதானா என்று நினைத்துக்கொண்டாள். இனிமேல் அவர் கேட்டால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டாம். நாளைக்கு வரும் மாப்ள என்றால் போதும். பொய்யும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. மாப்பிள்ளையின் எந்த அவசரமும் மறுநாள் வரைக்கும் தாங்கியதாக அவளுக்கு ஞாபகமில்லை.

மொத்தத்தையும் அதிலேயே போட்டுவிடும்மா என்றாள்.

வாசலில் கார்க் கதவைத் திறக்கும்போது காசியம்மாளின் போன் அடித்தது. கொத்தனார் முனிசாமி. தை மாசத்துக்கு நாலு வீட்டில் கூப்பிடுகிறார்களாம். இன்றைக்கே இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தால் முதல் வேலை அவள் வீட்டுத் தளம்தானாம்.

கைப்பையைத் திறந்து பார்த்தாள். பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருந்தது.

பதினோரு வருஷத்தில் அவள் மாப்பிள்ளையிடம் கை நீட்டியதில்லை. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு இரண்டாயிரம் இருக்குமா, வந்ததும் முதல் வேலையாகத் தந்துவிடுகிறேன் என்று கேட்டாள்.

மாப்பிள்ளை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாலையில் போன பஸ்ஸைப் பார்த்தார். பிறகு சாவதானமாகச் சொன்னார்.

"என் துட்டும் அந்த ஃபண்டுலதான் கீது அத்தே. நாளைக்குத்தான் வரும்."

காசியம்மாள் போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள்.

முனிசாமியிடம், நாளைக்கு வரும் என்று அதையே சொன்னாள். என்ன, ஊரே நாளைக்கு நாளைக்கு என்கிறது என்று அவன் முனகினான். சரி, நாளை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டான்.

காரில் ஏறி உட்கார்ந்தவளுக்குக் கோபமே வரவில்லை. மகள் துர்காவைக் கெட்டிக்காரர் கையில்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.