முக்காட்டைத் தவிர

"தலையில இருக்கிற அந்தத் துணியைக் கழட்டு. சீக்கிரம்!"

கத்தி அவள் முகத்துக்கு நேரே ஆடியது. அதைப் பிடித்திருந்த கையும் சேர்ந்து ஆடியது. அவளுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நிதானமான திருடனிடம் பேசியாவது பார்க்கலாம். நடுங்குகிறவன் எப்போது என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

மத்தியானத்தில் அந்த மருந்துக் கடைப் பக்கம் ஈ காக்கா வராது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவள் தனியாக உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது இவன் நுழைந்து, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டான். முதல் வேலையாக மேஜை மேல் கிடந்த கடை போனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். தூக்க மாத்திரை வைத்திருக்கும் அலமாரியின் சாவிக்கொத்தையும் பிடுங்கியாயிற்று. இனி அவள் கையைக் கட்ட வேண்டும். எல்லாம் யோசித்து வந்த மகராசன் கயிறு கொண்டுவர மறந்துவிட்டான்.

"இதைக் கழட்ட மாட்டேண்ணே."

"என்னது?"

"கட்டணும்னா அந்த ரெண்டாவது தட்டுல பேண்டேஜ் ரோல் இருக்கு. அதுல கட்டுங்க. இதை மட்டும் கேக்காதீங்க."

"உசுரைவிட உனக்கு அந்தத் துணி பெரிசாப் போச்சா?"

"கத்தியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கண்ணே! கழுத்துல பட்டுடப் போகுது!"

"ஏன் கத்தறே? நான் என்ன செவிடா?"

"பயத்துல சத்தமாத்தான் வருது. கடைக்குள்ள ஷட்டரை இறக்கிட்டு ஒருத்தர் கத்தியோட நின்னா யாருக்குத்தான் பயம் வராது?"

அவன் முறைத்தான். பிறகு பேண்டேஜை உருவி, அவள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றினான். இறுக்கியதில் விரல்கள் மரத்துப் போயின.

"என்னைவிட உன் புருஷனுக்குத்தான் ரொம்பப் பயப்படறே போல."

"எனக்குக் கல்யாணமே ஆகலண்ணே."

"அப்ப உங்கப்பன்."

"அப்பா 'உன் இஷ்டம்மா'ன்னு ஒதுங்கிட்டாரு. வேண்டாம்னு அழுதது அம்மாதான். 'காலம் கெட்டுக் கெடக்கு, பஸ்ல தனியாப் போறவ, கூட்டத்துல நீ மட்டும் தனியாத் தெரிவே, எவன் என்ன பண்ணுவானோ, வம்பை விலைக்கு வாங்காதே'ன்னு ஒரே புலம்பல். இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள சண்டைதான்."

"அப்ப எவன் சொல்லித்தான் கட்டினே?"

எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் அவன் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தான். பேச்சு நின்றால் திரும்பி விடுவான் என்று அவளுக்குப் பட்டது. நிறுத்தாமல் பேசினாள்.

"யாரும் சொல்லல. என் படிப்பு அண்ணன் முடிவு பண்ணது. இந்த வேலை மாமா பார்த்துக் கொடுத்தது. என் செருப்பைக்கூட அம்மாதான் பார்த்து வாங்குவாங்க. இது ஒண்ணுதான் நானா யோசிச்சு எடுத்த முடிவு. முன்னெல்லாம் தொழறப்ப மட்டும் தலையை மூடுவேன், முடிஞ்சதும் மடிச்சு வெச்சிடுவேன். ஒருநாள் மடிக்க மனசு வரல. படைச்சவன் முன்னால நிக்கறப்ப இருக்கிற அந்த நிம்மதி, பஸ்லயும் கடையிலயும்கூட என்னோட வரட்டுமேன்னு தோணுச்சு."

"நிம்மதியாம்! இப்ப எங்க போச்சாம் அந்த நிம்மதி?"

"நான் பெரிய பயந்தாங்கொள்ளிண்ணே. தெருவுல நாயைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடுவேன். அம்மா சொன்ன பயமெல்லாம் எனக்கும் உண்டு. ஆனா பயந்துக்கிட்டே ஒரு காரியத்தை விடாம செய்ய முடியும்னு இதைக் கட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மாகிட்ட இதைச் சொல்ல மட்டும் இன்னும் வாய் வரல."

"அம்மாகிட்ட சொல்லாததை என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"நீங்கதானே கேட்டீங்க."

அலமாரி திறந்துகொண்டது. மாத்திரைப் பெட்டிகளை வாரிப் பையில் திணித்தான்.

"பின்பக்கம் வழி இருக்கா?"

"பின்கதவு வெளிய பூட்டியிருக்குண்ணே! வர்றதும் போறதும் முன்வாசல் ஒண்ணுதான்!"

அவன் கை நின்றது. மெல்லத் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"மறுபடி கத்தறே. உன்கிட்ட என்னமோ சரியில்லை. போறப்ப உன் வாயையும் கட்டிட்டுத்தான் போகணும். அந்தத் துணிதான் அதுக்குத் தோது."

கிட்டே வந்தான். முக்காட்டின் ஓரத்தில் அவன் விரல் பட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் எதையோ ஓதின.

தடதடவென்று ஷட்டர் மேலே போனது.

வெயிலோடு சேர்ந்து நாலைந்து போலீஸ்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். கத்தி தரையில் விழுந்தது. அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியபோது அவன் நம்ப முடியாமல் அலறினான்.

"எப்படிடா வந்தீங்க? போன் என் பையில இருக்கு! அவ கையைக் கட்டியாச்சு! எவன் சொன்னது உங்களுக்கு?"

பெண் போலீஸ் ஒருத்தி பேண்டேஜை வெட்டிவிட்டாள். கட்டு அவிழ்ந்தவள் விறைத்துப்போன விரல்களை முக்காட்டுக்குள் விட்டு, கையில் வேலை இருக்கும்போதெல்லாம் காதோரம் செருகிக்கொண்டு பேசும் தன் சொந்த போனை உருவி எடுத்தாள். அவன் நுழைவதற்கு முன்பு பேச ஆரம்பித்த அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா..." என்றாள்.

"பக்கத்து வீட்டு போன்ல போலீசுக்குச் சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டிருந்தேன்டி!" அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "எவன் சொன்னாலும் அதைக் கழட்டாதேம்மா. நானே சொன்னாலும் கழட்டாதே!"