நோயாளி வேடம்

பேராசிரியை பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தெளிவு எதிரே இருக்கும் பெரியவருக்கு உண்டா? அதைக் கண்டுபிடிப்பதுதான் பரீட்சை. பெரியவர் நோயாளியாக நடிக்க வந்தவர்.

"எதுக்கு ஆபரேஷன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா ஐயா?"

"சொன்னீங்களா?" பெரியவர் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

எத்தனை முறை விளக்கியும் அதே கேள்விதான் திரும்பி வந்தது.

"இவரால முடிவெடுக்க முடியாது மேடம்."

பேராசிரியை எரிந்து விழுந்தார். "கோட்டை விட்டுட்டீங்களே! இன்னிக்கு அவருக்குக் கொடுத்ததே நல்ல தெளிவா இருக்கிற நோயாளி வேஷம்!"

"இல்ல மேடம், அவரு..."

"சாக்குச் சொல்லாதீங்க." பேராசிரியை பெரியவர் பக்கம் திரும்பினார். " பரீட்சை முடிஞ்சுது சார், என்ன வேஷம்னு நீங்களே சொல்லுங்க."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேஷமா? நான் எதுக்கும்மா இங்க வந்திருக்கேன்?"